இரவல் பிடி

“ஏறுறவனப் பாத்து விசில் அடிக்காத, எறங்குறவனப் பாத்து அடி.” இதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது. இதற்குப் பிறகு சவரிமுத்து மாமா இன்னொன்றும் சொன்னார், அதுதான் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகிறது. அவருடைய பணி ஓய்வு நாள், டிப்போ வாசலில் சாமியானா, கழுத்தில் ஏலக்காய் மாலை. காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்தியவர், மைக்கைக் கண்டதும் குரலைத் தொலைத்துவிட்டு அதை மோவாய்க்குக் கீழே குச்சி ஐஸ் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையிலிருந்து யாரோ ‘ரைட், போலாம்’ என்று குரல் கொடுத்த பிறகுதான் பேச்சு கிளம்பியது. அந்த மூன்றாவது துண்டைச் சொன்னதும் கண்டக்டர்கள் எல்லாரும் சிரித்தார்கள், டிரைவர்கள் சிரிக்கவில்லை. ஆகவே விஷயம் அதில்தான் இருந்திருக்க வேண்டும். நான் நெதர்லாந்திலிருந்து லீவில் வந்தவன், பக்கத்து நாற்காலிக்காரர் அங்கே குளிர் எப்படி என்று கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், தவறவிட்டேன். மாமாவை இப்போது கேட்க முடியாது, அவர் போய்ச் சேர்ந்து இரண்டு ஈஸ்டர் ஆகிவிட்டது. சரி, இப்போது ஏன் இது? கீழே வளைவில் சத்திரம் போகிற டவுன் பஸ் இரட்டை விசிலோடு கிளம்பிப் போனது, அதனால் இருக்கும். இல்லையென்றால் அடுப்பில் குக்கர் மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறதே, அதனால். தட்டைப்பயறு. ஜெசிந்தா ஆபீஸ் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், “மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க. மூணுன்னா ஒண்ணு, ரெண்டு, மூணு. உங்க மூணு இல்ல.” என் மூணு என்றால் சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று. நிரல் எழுதுகிற எங்கள் தொழிலில் எல்லாம் சுழியத்திலிருந்துதான் தொடங்கும். போன மாதம் நான் நிஜமாகவே அப்படி எண்ணி பயறைக் களியாக்கிவிட்டேன், அதை அவள் அவளுடைய அக்கா வீடு, கோயில் பாடகர் குழு, கீழ்வீட்டு டீச்சர் என்று ஓரிடம் விடாமல் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. அதனால் சாப்பாட்டு மேஜையில், அடுப்பு கண்ணில் படுகிற நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன். முதல் விசில் இன்னும் வரவில்லை. திரையில், கூட வேலை செய்கிற மிரேலா அனுப்பிய நிரல் திருத்தம் திறந்திருக்கிறது, எல்லாச் சோதனைகளும் தேறி வரிசையாகப் பச்சை விளக்கு, அடியில் ஒரே ஒரு பெட்டி மட்டும் காலி. அது என் பெட்டி. இன்று மாலைக்குள் நான் அதில் சரி என்றோ இன்னும் வேண்டாம் என்றோ எழுத வேண்டும்.

டார்ன் என்று ஒரு நிரல் மொழி. யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், உள்ளே கைவைத்துத் திருத்தி அனுப்பலாம். பெயருக்கு மலைமேல் தேங்கிய சிறு நீர்நிலை என்று பொருள். சுனை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம், என் மனதுக்குள் அதன் பெயர் அதுதான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அதில் எழுதுகிறவர்கள் ஏராளம், அதன் உள்ளே வேலை செய்கிறவர்கள் ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய கூட்டம். உள்ளே நடப்பதைச் சொல்லப்போனால் ஒன்றுமில்லை, எண்ணிக்கைதான். ஒரு எண், ஒரு பெயர், ஒரு படம், எதுவாக இருந்தாலும் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. அதை எத்தனை கைகள் பிடித்திருக்கின்றன என்று மொழி எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு கை பிடித்தால் ஒன்று கூட்டும், விட்டால் ஒன்று கழிக்கும், கடைசிக் கையும் விட்டதும் அந்த இடத்தைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். அவ்வளவுதான். ஆனால் கூட்டலும் கழித்தலும் நொடிக்குக் கோடிக்கணக்கில் நடக்கிறது, அதிலேயே இயந்திரத்தின் உயிர் போகிறது. மிரேலா கேட்ட கேள்வி குழந்தைகள் கேட்பது போன்றது. ஒரு செயல் இன்னொரு செயலைக் கூப்பிட்டு, இந்தா இதை வைத்து வேலை பார் என்று ஒரு பொருளைக் கொடுக்கிறது. கொடுத்தவர் வேலை முடியும்வரை வாசலில் காத்துத்தானே நிற்கிறார், அவர் கைதான் அதைப் பிடித்திருக்கிறதே, வாங்கியவர் எதற்குத் தனியாக ஒரு பிடி போட வேண்டும், அதை எதற்கு எண்ண வேண்டும்? எண்ணாமல் விட்டால் மொழி முழுவதும் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு! நாங்கள் தலைமுடி கனத்துக்கு வேகம் கூட்டுவதற்கே மாதக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள். அவள் ருமேனியாவில் ஒரு சின்ன ஊரில் பல் மருத்துவர். ஒரு நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, அது ஏறுகிற இடைவெளியில் இதையெல்லாம் யோசித்திருக்கிறாள். வாங்கியவருக்குத் தனிப் பிடி போடுகிற, இப்போது எடுக்கப்படப் போகிற வரியை எழுதியவர் ஹாக்கன், மொழியைத் தொடங்கிய சுவீடன்காரர், இப்போது தேனீ வளர்க்கிறார். அந்த வரியின் தலைக்கு மேலே அவர் எழுதி வைத்திருக்கிற குறிப்பு எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்: ‘இங்கே ஒரு பிடி. இதை எடுத்துவிட ஆசைப்படுபவருக்கு, நானும் ஆசைப்பட்டேன்.’

இதோ முதல் விசில். எங்களுடையதுதான், ஆவி தெரிகிறது. ஒன்று. சுழியம் இல்லை, ஒன்று. ஹாக்கன் இந்தக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் விட்டுப் போயிருக்கிறார். யாராவது ஒரு வரியை நீக்க வேண்டுமென்றால், அது எழுதப்பட்ட நாளில் ஏன் சரியாக இருந்தது என்று முதலில் எழுத வேண்டும். இன்றைக்கு ஏன் வேண்டாம் என்பது அதற்குப் பிறகு. நான் வேலை பார்த்த ஆபீஸ்கள் எல்லாவற்றிலும், புதிதாக வருகிறவன் செய்கிற முதல் காரியம் முந்தையவன் எழுதியதைப் பார்த்து உச்சுக்கொட்டுவதுதான், அந்த உச்சுதான் அவனுடைய தகுதிச் சான்று. இங்கே வந்து இந்தப் பழக்கத்தைப் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது, செத்த வீட்டில் பேசுவது மாதிரி இருக்கிறதே, போனவர் நல்லவர் என்று. பிறகு ஒரு நாள் நானே ஒரு வரியை நீக்க உட்கார்ந்து, அது ஏன் சரி என்று யோசிக்க ஆரம்பித்து, யோசித்து யோசித்து, கடைசியில் அந்த வரி இன்றைக்கும் சரிதான் என்று கண்டுபிடித்து மூடிவைத்தேன். மிரேலா எழுதியதைப் படித்த அன்று தேநீரை ஆறவிட்டுவிட்டேன். ‘இந்த வரி எழுதப்பட்டபோது, கொடுத்தவர் கடைசிவரை காத்திருப்பார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தெரியாத இடத்தில் வாங்கியவரும் பிடித்துக்கொள்வதுதான் முறை. ஹாக்கன் முறையாக நடந்துகொண்டார். இன்று அது தெரியும், தெரிவதற்குக் காரணமும் ஹாக்கன் பிறகு சேர்த்த பகுதிகள்தான்.’ பல்லைப் பிடுங்கும்போது இப்படித்தான் பேசுவாள் போல, வலிக்கவே வலிக்காது. அவரிடமே கேட்டுவிடலாம் என்று யாரோ எழுதிக் கேட்டபோது ஹாக்கன் ஒரு வரி பதில் போட்டார்: எனக்கு மறந்துவிட்டது, ஆனால் அன்றைக்கு நான் முட்டாள் இல்லை.

இந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் குற்றியலுகரம்தான் ஞாபகம் வருகிறது, இதை எந்த வெள்ளைக்காரனிடம் சொல்லிப் புரியவைப்பது. பத்தாவது வரை தமிழில் படித்தேன், அதற்குமேல் ஆங்கிலத்தில், இரண்டு பெட்டிகளிலும் கிடப்பது ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. பாக்கு, பட்டு என்று சொல்லும்போது கடைசியில் வருகிற உகரம் முழு உகரம் இல்லை, தன் அளவில் பாதியாகக் குறுகி ஒலிக்கிறது என்று யாரோ ஒருவர் எந்தக் கருவியும் இல்லாமல் காதால் மட்டும் அளந்திருக்கிறார். அடுத்து ஓர் உயிரெழுத்து வந்து நின்றால் அந்த உகரம் உட்கார்ந்த இடத்தைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போய்விடும். கடைக்குப் போய் பாக்கு வாங்குகிறவனுக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம், தெரியாமலே சரியாகச் சொல்வான். அந்த அளந்தவர் யார், அவருக்கு யார் காத்திருந்தார்கள், வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்ததா? டார்னிலும் அப்படித்தான். அதில் நிரல் எழுதுகிறவர்கள் யாரும் ஹாக்கனையோ மிரேலாவையோ நினைப்பதில்லை, நினைக்க நேர்ந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு முறை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் பொதுப் பக்கத்தில் நன்றி என்று தமிழிலேயே எழுதியிருந்தார். இறால் குட்டை வைத்திருக்கிறார். தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கினால் காற்றடிக்கிற ஏரேட்டரைத் தானாகப் போடுகிற நிரலை டார்னில் எழுதியிருக்கிறார், இப்போதெல்லாம் இரவில் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் அது என்ன எழுத்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். நான் மொழிபெயர்த்தேன். மிரேலா அதைப் படித்துவிட்டு, ஒரு மனிதர் தூங்குகிறார், இதைவிடப் பெரிய வேக அளவீடு கிடையாது என்று எழுதினாள். விசில். இது இரண்டாவது. இல்லை, இது மேல் வீடா? ஆவி வந்ததா, நான் பார்க்கவில்லை. மேல் வீட்டு சம்மனசு அக்காவும் இந்த நேரத்துக்குத்தான் பருப்பு வைப்பார்கள். இரண்டு என்றும் வைத்துக்கொள்ளலாம், ஒன்று என்றும் வைத்துக்கொள்ளலாம். கூட்டலையும் கழித்தலையும் கண்காணிக்கிற பெரிய மனிதர்.

போன வாரம் மிரேலாவும் நானும் வீடியோவில் பேசினோம். அவளுக்கு ஆவணிக்குள் குழந்தை. வயிறு மேஜையில் இடிக்கிறது, விசைப்பலகை தள்ளிப்போய்விட்டது, கை எட்டவில்லை என்று சிரித்தாள். குழந்தை வந்தால் ஒரு கை தொட்டிலில் இருக்கும், ஒற்றைக் கையால் மொழிக்குள் வேலை பார்க்க முடியாது, ஆகவே இந்த வெளியீட்டோடு கொஞ்ச காலம், ஒருவேளை ரொம்ப காலம், விடை என்றாள். அடுத்த பெரிய வெளியீடு அடுத்த வருஷம். அதுவரை ஒரு திருத்தம் வெளியே கிடந்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். சுற்றிலும் மற்றவர்கள் மாற்றிக்கொண்டே போவார்கள், இது பழைய வீட்டுக்கு அளந்த கதவு மாதிரி எதிலும் பொருந்தாமல் போகும், தினமும் யாராவது இழைத்து இழைத்துப் பொருத்திக்கொண்டே இருந்தால் ஒழிய. அப்படி எடுத்துச் செய்ய ஆள் இருந்ததே இல்லை. அப்படிச் செத்துப்போன நல்ல திருத்தங்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டமே இருக்கிறது. ஆகவே நான் இன்னும் வேண்டாம் என்று எழுதினால் அவளுடைய இரண்டு வருஷ வேலை அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். சரி என்று எழுதினால் இன்று மாலையே உலகத்தில் டார்ன் ஓடுகிற இடமெல்லாம் அவள் ஓடுவாள். அவளும் அதைத்தான் கேட்டாள், கேட்காத மாதிரி. “இன்னாசி, நீங்கள் வேண்டாம் என்றால் நான் கோபப்பட மாட்டேன். ஆனால் பயமாக இருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கே பயமாக இருக்கிறது என்று எழுதுங்கள். என் நோயாளிகளிடமும் இதைத்தான் சொல்வேன்.” எங்கே. அதுதான் தெரியவில்லை. படித்துவிட்டேன், திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன், ஒவ்வொரு வரியும் பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் பல்லிடுக்கில் பாக்குத்தூள் மாதிரி ஏதோ ஒன்று. இது சந்தேகமா, பொறாமையா? நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருச்சிக்குத் திரும்பி வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கிறான், தானாக இப்படி ஒன்றை யோசித்ததில்லை, யோசிக்கவும் போவதில்லை. பொறாமை என்றால் இத்தனை சந்தோஷமாக இருக்காதே. அவளுடைய ஐந்தாவது பக்கத்தைப் படித்தபோது எழுந்து பால்கனிக்குப் போய் சும்மா நின்றுவிட்டு வந்தேன். பொறாமைக்காரன் பால்கனிக்குப் போவானா, போனால் வேறு மாதிரி நிற்பான்.

ஒரு சொல்தான் உறுத்துகிறது என்று இப்போது தோன்றுகிறது. எண்ணாமல் கொடுக்கிற பிடிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரைத் தமிழில் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் கடன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடன் வாங்கிய பிடி. ஆனால் அது கடன் இல்லையே. கடனாக அரிசி வாங்கினால் வேறு அரிசி திருப்பிக் கொடுக்கலாம். ஜெசிந்தா கீழ்வீட்டு டீச்சரிடம் நகை வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறாளே, அது இரவல். அதையே, அந்த நகையையே, திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுத்தவர் வீடு இருக்க வேண்டும், அந்த வீட்டில் அவர் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், மிரேலாவின் மொழியிலும் ஒன்றுதானாம், கேட்டேன் ஒரு முறை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை அங்கேயும் இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கந்தை என்பது ஹாக்கனுடைய வரி. அசிங்கமான பழைய வரி, வேகத்தைக் குறைக்கிற வரி, ஆனால் சொந்தப் பிடி. பழமொழியை வைத்து நிரலுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது இன்னாசி, அது சோம்பேறி வேலை. இரவல் கொடுத்தவர் போய்விட்டால்? போக மாட்டார், கூப்பிட்ட வேலை முடியும்வரை அவர் நகர முடியாது, அதைத்தான் அவள் பக்கம் பக்கமாகக் காட்டியிருக்கிறாளே. நடுவில் நிறுத்தி வைக்கக்கூடிய செயல்கள் என்று ஒரு வகை உண்டு டார்னில், கொஞ்ச தூரம் ஓடிவிட்டு ‘நில்’ என்று எழுதியிருந்தால் நின்று, பிறகு யாராவது எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்படி நிற்கிறவர்களை நம்ப முடியாது என்று அவளுக்கும் தெரியும், அவர்களை எல்லாம் விலக்கிவிட்டாள். எவருடைய எழுத்தில் ‘நில்’ என்று இருக்கிறதோ அவருக்கு இந்தச் சலுகை கிடையாது, பழையபடி எண்ணித்தான் ஆக வேண்டும். பிறகு என்ன. விசில். ஆவி தெரிந்தது, எங்களுடையதுதான். மூன்று. அல்லது இரண்டு. கீழே ஏதோ ஹாரன் சத்தம், எழுந்து பால்கனியிலிருந்து பார்க்கிறேன், வளைவில் லாரி ஒன்று திரும்ப முடியாமல் நிற்கிறது, பின்னால் கே.கே. நகர் பஸ் நிற்கிறது. ஸ்டாப் அங்கே இல்லை, ஸ்டாப் இன்னும் தள்ளி மருந்துக்கடை முன்னால். பஸ் நின்றுவிட்டது என்று ஒரு ஆள் பின்படிக்கட்டில் ஒரு காலை வெளியே விடுகிறார், லாரி அசைகிறது, பஸ் அசைகிறது, ஆள் தொங்குகிறார், கண்டக்டர் ஒற்றை விசில் கொடுக்கிறார், பஸ் குலுங்கி நிற்கிறது. “யோவ், இது ஸ்டாப்பாய்யா? வண்டி நின்னா எறங்கிருவியா?”

“ஸ்டாப்புல எறங்குறவன் சொல்லிட்டு எறங்குவான் மாப்ளே, வண்டி தானா நின்ன எடத்துல எறங்குறவன் சொல்ல மாட்டான். அவனுக்காகத்தான் அரசாங்கம் எனக்கு விசில் குடுத்துச்சு.” இதுதான். மாமாவின் மூன்றாவது துண்டு, இதற்குத்தான் கண்டக்டர்கள் சிரித்தார்கள். வண்டியை அப்படி அப்படி நிறுத்துவது டிரைவர்கள் என்பதால் அவர்கள் சிரிக்கவில்லை. மாப்ளே என்று மைக்கில் சொல்லியிருக்க மாட்டார், அதை நான் சேர்க்கிறேனோ, மொத்தத்தையும் நானே இப்போது கட்டுகிறேனோ, தெரியாது. ஆனால் பல்லிடுக்கில் இருந்தது அகப்பட்டுவிட்டது. தானாக நின்ற வண்டி. தன் எழுத்தில் ‘நில்’ என்று இல்லாதவர், ஆனால் அவர் கூப்பிட்ட இன்னொருவர் நின்றுவிட்டதால் தானும் நிற்க நேர்ந்தவர். லாரிக்குப் பின்னால் பஸ் மாதிரி. அவரை மிரேலா விலக்கவில்லை, அவர் எழுத்தில் அந்தச் சொல்லே இல்லையே, எப்படி விலக்குவாள்? அவர் கையில் இரவல் பொருள் இருக்கிறது. எண்ணிக்கையில் வராத பிடி. நின்றபடி நிற்கிறார். கொடுத்தவரும் நிற்கிறார், ஏனென்றால் இவர் முடிக்கவில்லை. இப்போது வேறு யாரோ, கொடுத்தவர் இனித் தேவையில்லை என்று, அவரை அப்படியே கைவிட்டால், அவரோடு அவர் பிடித்திருந்தது எல்லாம் துடைக்கப்படும், இரவல் பொருளும் துடைக்கப்படும், அதை வேறு யாரும் பிடித்திருப்பதாகக் கணக்கில் இல்லை. வாங்கியவரை மட்டும் வேறொருவர் எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தால், பிறகு ஒரு நாள் எழுப்பினால், அவர் கண்ணைத் திறந்து கையைப் பார்ப்பார். கை மூடித்தான் இருக்கும். உள்ளே என்ன இருக்கும்? மேஜைக்குத் திரும்பி எழுதினேன், சின்ன நிரல்தான், உள்ளங்கை அளவு. ஒருவர் ‘சுனை’ என்ற சொல்லை இரவல் கொடுக்கிறார், வாங்கியவர் நிற்க நேர்கிறது, கொடுத்தவரைக் கைவிடுகிறேன், வாங்கியவரை எழுப்பிக் கையில் என்ன என்று கேட்கிறேன். மிரேலாவின் திருத்தத்தோடு ஓட்டினேன். சுனை என்று வந்தது. திரும்ப ஓட்டினேன். சுனை. பார்த்தாயா, ஒன்றுமில்லை, பழமொழிக்காரா. பாதி நிம்மதி, பாதி, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஏமாற்றம். பிறகுதான் உறைத்தது, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாலும் அடுத்த குடித்தனம் வரும்வரை சுவரில் பழைய காலண்டர் தொங்கத்தானே செய்யும். காலியான இடத்தை உடனே வேறு எழுத்துகளால் நிரப்பிவிடுகிற ஒரு விசை உண்டு, சோதனைக்காக வைத்திருப்பது, சீக்கிரத்தில் யாரும் போட மாட்டார்கள், வேகம் போய்விடும். அதைப் போட்டு ஓட்டினேன். வந்தது சுனை இல்லை. எழுத்தே இல்லை, ஒரு கிறுக்கல், கட்டம் கட்டமாக, யாருடையது என்று தெரியாத ஒன்று.

எவ்வளவு அழகான இடத்தில் இருக்கிறது இந்த ஓட்டை. இத்தனை பேர் பார்த்தும் தெரியாதது ஆச்சரியமில்லை, அவள் கட்டிய வீட்டில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது, இது கதவும் ஜன்னலும் இல்லாத சுவரில் இருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியும் என்று நினைக்கிறேன், ஆனால் ஒரு மாலைக்குள் முடியாது, யார் யாரால் நிற்க நேரும் என்பதை முழுக்கத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும், சில மாதம். அப்படியென்றால் என்ன? இப்போது சரி என்று எழுதிவிட்டு, அடுத்த மாதம் சின்ன வெளியீடு ஒன்றில் சத்தமில்லாமல் அடைத்துவிட்டால்? அவள் பெயர் அறிவிப்பில் வந்துவிடும், பிள்ளை பிறக்குமுன் பார்த்துவிடுவாள். இந்த மூலைக்கு யார் வரப்போகிறார்கள், இத்தனை கோணலாக யார் எழுதுவார்கள். யார் எழுதுவார்கள் என்று எனக்கே தெரியும். குட்டைக் கரையில் கருவி எழுப்பினால் எழுந்து, அளவு பார்த்து, திரும்ப நின்று, திரும்ப எழுந்து, நின்று நின்று எழுவதே பிழைப்பாக இருக்கிற நிரல்காரர்கள். தூங்குகிறேன் என்று தமிழில் எழுதியவர். அவருடைய நிரல் ஒரு நாள் எழுந்து கையைத் திறந்து பார்த்து, அங்கே கிடக்கிற கிறுக்கலை ஆக்சிஜன் அளவு என்று நம்பி, போதும் என்று ஏரேட்டரை நிறுத்தினால் எந்தப் பச்சை விளக்கும் அணையாது. அவர் எங்களைத் திட்டக்கூட மாட்டார், செத்து மிதக்கிற இறாலைப் பார்த்து வெயிலைத் திட்டுவார். மிரேலாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று யோசிக்கவே வேண்டாம், அதுதான் இன்னும் கஷ்டம். சரி, எங்கே பயம் என்று காட்டிவிட்டீர்கள் என்று சந்தோஷமாகவே சொல்வாள், சொல்லிவிட்டுத் திரையை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கொடுக்க வேண்டும். ‘ஒன்று கண்ணில் பட்டது, பார்க்கிறேன்’ என்று அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது, கடைவாய்ப் பல் ஒன்று கையில் இருக்கிறது, நீங்கள் எழுத வேண்டியதை எழுதுங்கள், வந்து படிக்கிறேன்.

விசில். போன் அடிக்கிறது, ஜெசிந்தா. “ஏங்க, அணைச்சாச்சா?” இல்லை என்றேன். எத்தனை விசில் என்று கேட்டாள். எங்கள் வீட்டுது மூன்று என்று நினைக்கிறேன், ஒன்று மேல் வீட்டுதாக இருக்கலாம், அல்லது எங்களுடையது நான்கு, நடுவில் ஒரு பஸ் விசில் வேறு வந்தது என்றேன். பின்னால் ஆபீஸில் யாரோ சிரிக்கிறார்கள், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். உலகத்துக்கே எண்ணிக் கொடுக்கிற ஆளுக்கு வீட்டு அடுப்பு எண்ணத் தெரியவில்லை என்று யாரிடமோ சொன்னாள், பிறகு என்னிடம். “சந்தேகம்னா அணைச்சிருங்க. வேகலைன்னா திரும்ப வச்சுக்கலாம். குழைஞ்சிட்டா நானும் ஒண்ணும் பண்ண முடியாது, நீங்களும் ஒண்ணும் பண்ண முடியாது.” போய் அணைத்தேன். குக்கர் பெருமூச்சு விட்டு அடங்கியது. கீழே லாரி திரும்பிவிட்டது போல, ஹாரன் சத்தம் இல்லை. வந்து உட்கார்ந்தேன்.

மிரேலாவின் திருத்தத்துக்குக் கீழே, அதை நான் ஏன் இவ்வளவு வியக்கிறேன் என்று முதலில் எழுதினேன். பிறகு, இந்த வெளியீட்டில் வேண்டாம் என்று எழுதி, சுனை நிரலை இணைத்தேன். அவள் திரும்பி வரும்வரை தினமும் இழைத்துப் பொருத்தி இதை நான் பிடித்திருக்கிறேன் என்று அடுத்த வரியில் எழுதி, என் பெயரைப் போட்டேன்.